பாவிக்காத துவக்கை என்ன செய்வது?
(குடும்பங்களும் கமக்காரர் அமைப்புகளும் கூடிப் படிப்பதற்கான பாடம்)

பாடத்தின் நோக்கம்

எங்கள் வீடுகளில் பாவிக்காத பொருட்கள் பல உண்டு. உடைந்த நீரிறைக்கும் இயந்திரம், துருப்பிடித்த மண்வெட்டி, சில்லுக் கழன்ற சைக்கிள் போன்றவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம். விலை குறைந்தால் நட்டம் நூறோ இருநூறோ ரூபாதான். துவக்கு அப்படிப்பட்ட பொருளன்று. அதை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் சட்டம் உண்டு. அதைத் தவறான கையில் கொடுத்தால் பின்னால் வரும் நட்டத்தைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது.

சேனையில் குரங்கு விரட்டுவதற்கென்று யாரோ கொடுத்த எயார் ரைபிள், தகப்பனார் காலத்து வேட்டைத் துவக்கு, யாருடையதென்றே தெரியாமல் வளவுக்குள் கிடந்த இரும்பு ஆகியவற்றை என்ன செய்யலாம் என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம். புதிய விதிகள் வரும்போது மற்ற நாட்டு மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். இதை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் நிறுத்திப் பேசிக்கொள்ளுங்கள்.

1. எயார் ரைபிள் விளையாட்டுச் சாமானா?

எயார் ரைபிளில் வெடிமருந்து இல்லை. சாதாரண வகையில் குழலை மடக்கி இழுக்கும்போது உள்ளே இருக்கும் வில்லுச்சுருள் இறுகுகிறது. விசையை அழுத்தியதும் சுருள் விரிந்து ஓர் உருளையைத் தள்ளுகிறது. உருளை காற்றை நெருக்குகிறது. நெருங்கிய காற்று ஈயச் சன்னத்தை வெளியே தள்ளுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் விரலைத் தள்ளும் விசையை நாம் அறிவோம். அதே விசைதான் இங்கே மிகப் பெரிய அளவில் வேலை செய்கிறது.

பொதுவாகக் கிடைக்கும் சன்னம் 4.5 மில்லிமீற்றர் அல்லது 5.5 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. உழுந்து மணியைப் போலச் சிறியது. ஆனால் குழலை விட்டு வெளியேறும்போது அது வினாடிக்கு 150 முதல் 250 மீற்றர் வரை வேகத்தில் போகலாம். கண்ணில் பட்டால் பார்வை போகும். சிறு குழந்தையின் தலையில் பட்டால் உயிரே போகலாம். 2005ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எயார் ரைபிள் சன்னம் தலையில் பட்டு இறந்தது.

சத்தம் குறைவு, தோட்டாச் செலவில்லை, கடையில் பார்த்தால் விளையாட்டுச் சாமான்போல் இருக்கிறது. இந்த மூன்று காரணங்களாலும் பெரியவர்கள் அதைக் கதவு மூலையில் சாத்தி வைக்கிறார்கள், பிள்ளைகள் எடுக்கிறார்கள். ஆகவே முதலில் நாம் மனதில் கொள்ள வேண்டியது, எயார் ரைபிளும் துவக்குத்தான் என்பதாகும்.

2. தவணை வைத்த நாடு

கிளாஸ்கோக் குழந்தையின் மரணத்திற்குப் பின் ஸ்கொட்லாந்தில் நீண்ட காலம் விவாதம் நடந்தது. அங்கே ஏறக்குறைய 5 இலட்சம் எயார் துவக்குகள் வீடுகளில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். பெரும்பாலானவை பரணிலும் பழைய பெட்டிகளிலும் கிடந்தவை. 2015ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2016 டிசம்பர் 31ஆந் திகதி முதல் எயார் துவக்கு வைத்திருப்பவருக்கு அனுமதிச் சான்றிதழ் வேண்டும்; இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்று அச்சட்டம் கூறியது.

அச்சட்டம் ஒரே இரவில் மக்கள் தலையில் விழவில்லை. 2016 யூலை 1ஆந் திகதி முதல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்னரே, மே 23 முதல் யூன் 12 வரை மூன்று வாரங்கள், வேண்டாதவர்கள் பொலிஸ் நிலையங்களில் துவக்கை ஒப்படைக்கலாம் என்று அறிவித்தார்கள். அந்த மூன்று வாரத்தில் 11,500க்கும் மேற்பட்ட துவக்குகள் வந்து சேர்ந்தன.

துவக்கு வேண்டாத ஒரு குடும்பத்தின் முன் அங்கே மூன்று வழிகள் இருந்தன. சான்றிதழ் எடுத்து வைத்திருக்கலாம். பதிவு பெற்ற துவக்கு வியாபாரியிடம் விற்கலாம். பொலிசில் இலவசமாக ஒப்படைக்கலாம். இதில் விற்க நினைப்பவர் காலத்தைக் கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்த வாரத்தில் எல்லோரும் ஒன்றாக வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனால் விலைக்கு என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தவணை நெருங்க நெருங்க விற்பவர் கூடுவர், வாங்குபவர் குறைவர். தவணை முடிந்தபின் சான்றிதழ் இல்லாதவர் கையில் அது விற்பனைப் பொருளாகவும் இராது, குற்றப் பொருளாகிவிடும். எனவே விற்கக்கூடிய பொருளுக்கும் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தைத் தவறவிட்டவருக்கு எஞ்சுவது ஒப்படைக்கும் வழி மட்டுமே.

3. எங்களுக்கு அண்மையில் நடந்தவை

இது வசதியுள்ள நாடுகளின் கதை என்று சிலர் நினைக்கலாம். ஆகவே எங்களைப் போன்ற விவசாயிகள் வாழும் இடம் ஒன்றைப் பார்ப்போம்.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள அருணாசலப் பிரதேசம் மலையும் காடும் நிறைந்த மாநிலம். அங்கே பழங்குடி மக்கள் பயிர்செய்தும் வேட்டையாடியும் வாழ்ந்து வந்தவர்கள். எயார் துவக்கு இல்லாத கிராமம் அரிது. பறவைகளும் சிறு மிருகங்களும் குறைந்து காடு மௌனமாகிப் போனதைக் கண்ட மாநில அரசு, 2021 மார்ச் 17ஆந் திகதி கிழக்குக் காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில் எயார் துவக்கு ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. முதல் நாளிலேயே கிராமத்தவர்கள் 46 துவக்குகளைத் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பின்னர் இயக்கம் மற்ற மாவட்டங்களுக்குப் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துவக்குகள் சேர்ந்தன.

இதில் எங்களுக்கு ஒரு படிப்பினை உண்டு. அவர்கள் ஒருவர் ஒருவராக இரகசியமாகப் போகவில்லை. ஊர் கூடி, பலர் பார்க்க, ஒரே நாளில் கொடுத்தார்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பயமும் சந்தேகமும் அங்கே எழ இடமிருக்கவில்லை.

இந்தியா முழுவதற்கும் 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தில் புதிய ஆயுத விதிகள் வந்தன. விசை 20 ஜூலுக்கு மேற்பட்ட, அல்லது 4.5 மில்லிமீற்றரிலும் பெரிய குழாயுள்ள எயார் துவக்குகளுக்கு அனுமதி வேண்டும் என்று அவை வகுத்தன. பிரித்தானியாவில் வேறு அளவு. இலங்கையில் வேறு சட்டம். ஆகவே வெளிநாட்டு உறவினர் ஒருவர் ‘இதற்கு ஒன்றும் தேவையில்லை’ என்று சொன்னால், அது அவர் வாழும் நாட்டுக்குச் சரியாயிருக்கலாம். எங்கள் ஊருக்குச் சரியென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. எங்கள் நாட்டில்

இலங்கையில் துவக்குகள் பற்றிய அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். அது பலமுறை திருத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இச்சட்டத்தில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. தகப்பனாரின் பத்திரம் மகனுக்கோ மருமகனுக்கோ தானாக வராது. காணி உறுதிபோல அது முதுசமாக இறங்குவதில்லை.

இரண்டாவது, அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். அண்மைய ஆண்டுகளில் பாதுகாப்பு அமைச்சு ஒக்டோபர் 1ஆந் திகதி முதல் டிசம்பர் 31ஆந் திகதி வரை இதற்குக் காலம் கொடுத்து வந்துள்ளது. அதன்பின் புதுப்பிக்காத துவக்கை வைத்திருப்பது சட்டவிரோதம்.

மூன்றாவது, அனுமதியில்லாத ஆளுக்குத் துவக்கை விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது.

விதிகள் மாறவும் கூடும். 2024ஆம் ஆண்டு, தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளை நவம்பர் 7ஆந் திகதிக்கு முன் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அதற்கு முன் 2020 பெப்ரவரியில், அனுமதியில்லாத துவக்குகளைக் குற்றமின்றி ஒப்படைக்க ஒரு வார காலப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. இப்படியான அறிவித்தல்கள் பத்திரிகையிலும் வானொலியிலும் வந்து சில நாளில் மறைந்துவிடும். தூரத்துக் கிராமத்தில் இருப்பவர் கேள்விப்படுமுன் தவணை முடிந்துவிடும். ஆகவே கமக்காரர் அமைப்பின் கூட்டங்களில் இதனையும் ஒரு விடயமாக எடுத்து அறிவிப்பது நல்லது.

எயார் ரைபிளைப் பொறுத்தவரை, அனுமதியின்றி அதனுடன் பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் இடைக்கிடை வருகின்றன. எனவே ‘காற்றுத் துவக்குத்தானே’ என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். உங்களிடம் உள்ள வகையின் பெயரையும் குழாயின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ கேளுங்கள். கேட்கப் போகும்போது துவக்கைக் கொண்டுபோக வேண்டாம்.

5. துவக்கு கைமாறும், பெயர் மாறாது

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2006இல் மூதூர் கிழக்கிலிருந்தும் சம்பூரிலிருந்தும் ஓடிய பல குடும்பங்கள்போல இவர்களும் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தவர்கள். 2016இல்தான் வளவைத் திரும்பக் கண்டார்கள். கிணறு தூர்ந்து, வீடு இடிந்து, தென்னைகள் அழிந்து கிடந்தன. காணியைத் துப்புரவாக்கி மரவள்ளியும் நிலக்கடலையும் வைத்தார்கள். இரவில் பன்றி வந்தது. பகலில் குரங்கு வந்தது. தெரிந்த ஒருவர் பழைய எயார் ரைபிள் ஒன்றைக் கொடுத்தார். பன்றிக்கு அது பயன்படவில்லை. குரங்கு இரண்டு நாள் பயந்து மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பிறகு துவக்குப் பரணில் ஏறிவிட்டது.

இப்போது மகளின் படிப்புக்குப் பணம் தேவை. சந்தையில் கண்ட ஒருவர் வந்து, ‘கடதாசி ஒன்றும் வேண்டாம், இன்றைக்கே காசு தருகிறேன்’ என்கிறார். அது நல்ல விலைதான். தாய் வேண்டாம் என்கிறார். தகப்பன் யோசிக்கிறார்.

இங்கே நாம் நிறுத்திச் சிந்திப்போம். கடதாசி இல்லாமல் வாங்குபவருக்குக் கடதாசி எடுக்க முடியாத காரணம் இருக்கலாம். அத்துவக்கால் நாளை ஒருவர் காயப்பட்டால், அல்லது காட்டில் பாதுகாக்கப்பட்ட மிருகம் ஒன்று சுடப்பட்டால், பொலிசார் கேட்கும் முதற்கேள்வி ‘இது எங்கிருந்து வந்தது?’ என்பதாகும். வாங்கியவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயர் எங்கள் தகப்பனின் பெயராயிருக்கும். விற்றதற்கு எங்களிடம் பற்றுச்சீட்டு இல்லை. வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கமும் இல்லை. முதலில் அதை வைத்திருந்ததற்கே அனுமதி இல்லை.

வேறு இடத்துக் குடும்பத்துக்கு இது ஒரு வழக்கு; தண்டப்பணத்தோடு முடியலாம். எங்கள் மாவட்டத்துக் குடும்பத்துக்கு அப்படி முடியுமென்று எண்ண முடியாது. துறைமுகத்தைச் சுற்றிய வீதித் தடைகளில் பையைத் திறந்து காட்டி வளர்ந்தவர்கள் நாம். ஆயுதம் என்ற ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் பல வருடம் உள்ளே இருந்த வீடுகளை அறிவோம். அப்படிப்பட்ட நாம், சில ஆயிரம் ரூபாவுக்காக அந்தச் சொல்லை மீண்டும் வீட்டுக்குள் அழைக்கலாமா?

இன்னொரு புறம், தகப்பனின் யோசனையையும் நாம் குறைவாக எண்ணக் கூடாது. மகளின் படிப்பு உண்மையான தேவை. ஒப்படைத்தால் காசு வராது என்பதும் உண்மை. அந்தக் குடும்பத்துக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: அந்தத் துவக்கு ஏற்கெனவே பணமாக இல்லை. அனுமதி உள்ள துவக்காயிருந்தால், அதிகாரியின் அனுமதியுடன், அனுமதி உள்ளவருக்கு விற்கலாம். அது உங்கள் சொத்து. அனுமதி இல்லாததாயிருந்தால் அது விற்பதற்குரிய சொத்தன்று. இறக்கி வைக்க வேண்டிய பாரம். படிப்புச் செலவுக்குச் சங்கக் கடனையோ சிறுசேமிப்புக் குழுவையோ நாடுவோம்.

6. செய்ய வேண்டிய ஒழுங்கு

(அ) வீட்டில் என்ன இருக்கிறது என்று குடும்பத்துக்குள் மறைக்காமல் பேசுங்கள். மனைவிக்குத் தெரியாத துவக்கு வீட்டில் இருக்கக் கூடாது. கணவன் இறந்தபின் அதன் பாரம் அவர் தலையில்தான் விழும்.

(ஆ) சன்னம் உள்ளே இருக்கிறதா என்று பிள்ளைகள் முன் சோதிக்க வேண்டாம். எப்போதும் உள்ளே இருப்பதாகவே எண்ணிக் குழலை நிலத்தை நோக்கி வையுங்கள். துவக்கை ஓரிடத்திலும் சன்னத்தை இன்னோரிடத்திலும் பூட்டி வையுங்கள்.

(இ) அனுமதிப்பத்திரம் இருந்தால் திகதியைப் பாருங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பழைய இலக்கமோ ஆண்டோ தெரிந்தவரை எழுதிக் கச்சேரியில் விசாரியுங்கள்.

(ஈ) அனுமதி உள்ளதை விற்பதாயின், வாங்குபவரின் அனுமதியை முதலில் பாருங்கள். அனுமதி வழங்கும் அதிகாரியின் எழுத்து மூலமான இணக்கம் கிடைக்குமுன் துவக்கையும் கொடுக்காதீர்கள், முற்பணமும் வாங்காதீர்கள். விற்பனைத் தாளில் துவக்கின் இலக்கம், இருவரின் அடையாள அட்டை இலக்கம், திகதி, இரு சாட்சிகளின் கையொப்பம் இருக்கட்டும். பிரதி ஒன்றைக் காணி உறுதியோடு வையுங்கள்.

(உ) அனுமதி இல்லாததை ஒப்படைப்பதாயின், அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற வேண்டாம். வழியில் பிடிபட்டால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்பதை நிரூபிப்பது கடினம். முதலில் சட்டத்தரணி ஒருவரிடமோ சட்ட உதவி நிலையத்திலோ ஆலோசனை கேளுங்கள். பின்னர் கிராம அலுவலருடனும் ஊரில் மதிப்புள்ள இருவருடனும் பேசி, அவர்கள் மூலமாகப் பொலிசாருக்கு அறிவியுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் சான்று கேட்டு வாங்குங்கள். பொதுமன்னிப்புக் காலம் ஒன்று அறிவிக்கப்பட்டால் அதை வீணாக்க வேண்டாம்.

(ஊ) வளவு துப்புரவாக்கும்போது கிணற்றிலோ பற்றைக்குள்ளோ துவக்கோ வேறு வெடிபொருளோ கண்டால் தொடவே வேண்டாம். அது உங்கள் பொருளன்று. இடத்துக்கு அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, உடனே அறிவியுங்கள்.

(எ) கிணற்றில் போடுவதும் புதைப்பதும் தீர்வாகாது. நாளை அந்தக் காணியை உழுபவர் எங்கள் பேரப்பிள்ளையாயிருக்கலாம்.

7. அப்படியானால் பயிரை எப்படிக் காப்பது?

இது நியாயமான கேள்வி. குரங்கும் மயிலும் பன்றியும் நாடு முழுவதற்குமே பிரச்சினையாகிவிட்டன. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணிக்கு, நாடெங்கும் மக்கள் தத்தம் வளவில் நின்று ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மயில், மர அணில் ஆகியவற்றைக் கணக்கெடுத்தது இதனால்தான்.

எயார் ரைபிள் இதற்கு முழுத் தீர்வன்று. சன்னம் பன்றியின் தோலில் காயத்தை மட்டும் உண்டாக்கும்; காயப்பட்ட பன்றி ஆளைப் பாயும். யானைக்கு அதைக் காட்டுவது தற்கொலைக்குச் சமன். குரங்குக் கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை அடுத்த வளவுக்குப் போகும். அயலவரின் நட்டம் கூடும். கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் இன்னும் மோசமானவை. விறகுக்குப் போன மனிதரையும் மாடு தேடிப்போன சிறுவனையும் அவை வேறுபிரித்து அறியா.

எங்கள் பெற்றோர் பரண் கட்டி, முறைவைத்து, ஊராகக் காவல் இருந்தார்கள். அடுத்தடுத்த காணிகளில் ஒரே காலத்தில் விதைத்தார்கள். அதனால் காவல் நாட்களும் குறைந்தன. இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றுள் இந்த ஒழுங்கும் ஒன்று. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வேலி அடைத்து, தகர ஒலியும் தீப்பந்தமுமாக முறைக்காவல் இருந்தால், பரணில் கிடக்கும் ஒரு துவக்கிலும் பார்க்கப் பயன் கூடும். யானைத் தொல்லைக்கு வனசீவராசிகள் திணைக்களத்தை ஊராகவே நாடுவோம்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எயார் ரைபிளை விளையாட்டுச் சாமானாக நாம் எண்ணுவது ஏன்? எங்கள் ஊரில் அதனால் ஏற்பட்ட காயங்கள் உண்டா?

2. உதாரணக் குடும்பத்தில் தாய் சொன்னது சரியா, தகப்பன் யோசித்தது சரியா? நீங்கள் அந்த வீட்டில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

3. லும்டுங் கிராமத்தவர்கள்போல ஊராகச் சேர்ந்து ஒப்படைக்க எங்களுக்கு என்ன தடை? அத்தடையை நீக்க யாரை நாடலாம்?

4. அரசின் அறிவித்தல்கள் தவணை முடியுமுன் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர என்ன ஒழுங்கு செய்யலாம்?

5. அடுத்த போகத்துக்கு முறைக்காவல் அமைக்க எத்தனை குடும்பங்கள் சேரும்? இன்றே பெயர்களை எழுதுங்கள்.

கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் ஒருமுறை பரணைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி. ஏதாவது இருந்தால், இன்றிரவே குடும்பமாக இருந்து பேசத் தொடங்குங்கள்.